வாசகர் கேள்வி – பதில்: பழைய சாவி வாட்ச் வாங்கும் முன்

கேள்வி: வணக்கம் சார். அப்பா கட்டியிருந்த சாவி கொடுக்கும் வாட்ச் எங்கோ தொலைந்துவிட்டது. அதே போல 1960கள், 70களில் வந்த ஒன்றை ஆன்லைனில் வாங்க ஆசை. மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லாமே புதிது போல மின்னுகின்றன, எல்லோருமே 'நன்றாக ஓடுகிறது' என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு வாட்ச் பற்றி ஒன்றும் தெரியாது. எதை நம்பி வாங்குவது?

பதில்: நல்ல ஆசை, நிச்சயம் வாங்குங்கள். ஆனால் வாட்ச் தேடுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு முதலில் ஒரு ரிப்பேர்காரரைத் தேடுங்கள். பேட்டரியும் ஸ்ட்ராப்பும் மாற்றித் தருபவரைச் சொல்லவில்லை. மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பச் சேர்த்து, நேரத்தையும் சரிசெய்து தரத் தெரிந்தவர் வேண்டும். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். முழு சர்வீசுக்கு எவ்வளவு ஆகும்? எந்த மாதிரி வாட்ச் கொண்டுவந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்கள்? இரண்டாவதற்கு அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மூன்று மாதம் பார்த்த படங்களில் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

'நன்றாக ஓடுகிறது' என்றால் படம் எடுத்த நேரத்தில் ஓடியது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குள் விட்ட எண்ணெய் சில வருடங்களில் காய்ந்துவிடும், காய்ந்த பிறகும் வாட்ச் ஓடும், அதுதான் பிரச்சினையே, ஏனென்றால் முடி அளவுக்கு மெல்லிய அச்சு முனைகள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்துகொண்டே வரும், வெளியே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள். ரசீதோ, சர்வீஸ் செய்தபோது எடுத்த படமோ இல்லையென்றால் சர்வீஸ் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் கட்டுப்படியானால்தான் அது உங்கள் வாட்ச். 'அளவுக்கு மீறி சாவி கொடுத்ததால் நின்றுபோச்சு' என்று சிலர் எழுதியிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். நல்ல நிலையில் உள்ள கைச்சாவி வாட்ச், ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியதும் கைக்குத் தடை கொடுத்து நின்றுகொள்ளும், அதோடு சரி. முழுச் சாவி இருந்தும் ஓடவில்லையென்றால் உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, இல்லை எண்ணெய் காய்ந்திருக்கிறது, இல்லை ஏதோ உடைந்திருக்கிறது.

நான் ஆன்லைனில் முதன்முதலில் வாங்கிய வாட்ச்சுக்கு நீல டயல். அவ்வளவு அழகு, மெஷின் படம் கேட்கவே தோன்றவில்லை. ரிப்பேர்காரர் மூடியைத் திறந்தபோது உள்ளே வேறொரு கம்பெனியின் மெஷின் இருந்தது, அதுவும் கேஸைவிட (வெளிக்கூட்டைவிட) சிறியது, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார்கள். அந்த மாடலில் நீல டயலே வந்ததில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது. மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். 'திறக்கக் கருவி இல்லை' என்பார்கள், அது உண்மையாகக்கூட இருக்கும். இருக்கட்டும், வேறு ஒருவரைப் பார்க்கலாம்.

மெஷின் படம் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். துருப்புள்ளி இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா (கண்டவர் கைபட்டதற்கு அதுதான் அடையாளம்), எங்காவது திருகே இல்லாமல் வெறும் துளை தெரிகிறதா? அப்புறம் மெஷின் மேல் பொறித்த கேலிபர் எண்ணை (மெஷினின் மாடல் எண்) தேடி, அந்த மாடலில் அந்த மெஷின்தான் வந்ததா என்று ஒப்பிடுங்கள். செய்கோ (Seiko) வாட்ச்சில் இது ரொம்ப சுலபம். பின்மூடியில் கோடு போட்டு இரண்டு நான்கிலக்க எண்கள் இருக்கும், முதல் நான்கும் மெஷினின் எண், அடுத்த நான்கும் கேஸின் எண். உள்ளே இருக்கும் மெஷின் வேறு எண் சொன்னால் இரண்டு மூன்று வாட்ச்சுகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். சீரியல் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 7 என்று தொடங்கினால் 1967ஆ 1977ஆ என்பதை அந்த மெஷின் எந்த வருடங்களில் வந்தது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

டயலுக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஐம்பது வருட வாட்ச்சின் டயல் நேற்று அச்சடித்தது போல இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பழைய டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்து எழுத்து போடுவதை ரீடயல் என்பார்கள். அதே மாடலின் பத்துப் படங்களைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். எழுத்துகள் தடித்திருக்கும், கம்பெனி பெயரில் ஒரு வளைவு மாறியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகப் பொருந்தாது, 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ் மேட்' காணாமல் போயிருக்கும். லேசாக மஞ்சளித்து, ஓரத்தில் ஒரு கறையோடு இருக்கும் அசல் டயல் எனக்கு அதைவிட ஆயிரம் மடங்கு உசத்தி. கறையை ஏற்றுக்கொள்ளலாம், அழித்துவிட்ட அசலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இருட்டில் ஒளிரும் பெயின்ட் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. 1960களில் ரேடியத்தை விட்டுவிட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள், அப்படிப்பட்ட பல டயல்களில் 6 மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இரண்டு பக்கமும் 'டி' (T) என்ற எழுத்து இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 12.3 வருடம், ஆகவே 1970இல் செய்த வாட்ச் இன்று ராத்திரி முழுக்கப் பளிச்சென்று ஒளிர்கிறது என்றால் அந்தப் பெயின்ட் பிறகு பூசியது. அதற்கும் முந்தைய ரேடியம் டயல் விஷயத்தில் மட்டும் கவனம். ஒளி செத்துப்போயிருந்தாலும் கதிரியக்கமுள்ள ரேடியம் அப்படியே இருக்கும், அதன் அரை ஆயுள் 1,600 வருடம். அதை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது. முதல் வாட்ச்சாக அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

கேஸில் ஒன்றே ஒன்று. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் அந்த மூடி மட்டும்தான் ஸ்டீல், மீதிக் கேஸ் பெரும்பாலும் பித்தளை மேல் முலாம் பூசியது. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் மூலையிலும் பக்கவாட்டிலும் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்டுப் படம் வாங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வாங்குபவருக்குப் பாதுகாப்பு இருக்கும் வழியில் மட்டும் கட்டுங்கள். 'நேராக என் கணக்கில் போட்டால் குறைத்துத் தருகிறேன்' என்ற இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம். விற்பவர் போட்ட வாட்ச் படத்தை ஒருமுறை படத்தேடலில் போட்டுப் பாருங்கள், அதே படம் வேறொருவர் விளம்பரத்திலும் வந்தால் வாட்ச் அவர் கையில் இல்லாமலே இருக்கலாம். ஒரு வழி சொல்கிறேன்: இன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதி வாட்ச் பக்கத்தில் வைத்து, சாவி கொடுப்பதையும், சாவியை இழுத்து முள் திருப்புவதையும், நொடி முள் ஓடுவதையும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த நொடி முள்ளையும் பாருங்கள். மணிக்கு 18,000 அதிர்வு கொண்ட பழைய மெஷினில் அது நொடிக்கு ஐந்து சின்ன அடியாக நகரும். நொடிக்கு ஒரே குதியாகக் குதித்தால் அநேகமாக அது பேட்டரி வாட்ச். 1969 டிசம்பர் 25 அன்று செய்கோவின் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் (பேட்டரி) வாட்ச் வந்த பிறகு அந்த வகை பெருகிவிட்டதால், 70களின் கடைசி வாட்ச்சுகளில் தோற்றத்தை வைத்து மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு விற்பனையாளர், வாட்ச்சை ஏதோ கருவியில் வைத்து, அதன் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். +8, 252, 0.4 என்று மூன்று எண்கள். 'பாருங்கள், சூப்பர் கண்டிஷன்' என்கிறார். இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: அதன் பெயர் டைம்கிராஃபர், வாட்ச்சின் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடும் கருவி. +8 என்றால் இதே போக்கில் ஓடினால் ஒரு நாளைக்கு 8 நொடி வேகம். எல்லோரும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள், எனக்கு இதில் அவ்வளவு அக்கறை இல்லை, ஏனென்றால் ரெகுலேட்டர் கம்பியை ஒரு மயிரிழை நகர்த்தி இதை அழகாக்கிவிட முடியும். 252தான் முக்கியம். பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்ற அளவு அது. முழுச் சாவி கொடுத்து டயலை மேல்நோக்கி வைத்தால் ஆரோக்கியமான மெஷின் சுமார் 270 முதல் 310 வரை காட்டும். வயதான மெஷின் 250 அருகில் ஆடினால் குறை சொல்ல மாட்டேன், 200க்குக் கீழே போனால் சர்வீஸ் கேட்கிறது என்று அர்த்தம். 0.4 என்பது மில்லி செகண்ட், டிக்குக்கும் டக்குக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு ஏறுக்குமாறாக இருக்கிறது என்பது. 1க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம்.

ஆக எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்து 'சூப்பர்' என்று நான் சொல்ல மாட்டேன். சாவி கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைத்து இன்னொரு படம் கேளுங்கள், வேகம் அதில் தலைகீழாக மாறினால் உள்ளே தேய்மானம் இருக்கலாம். லிஃப்ட் ஆங்கிள் (வீச்சைக் கணக்கிட அந்த மெஷினுக்கு ஏற்பக் கருவியில் கொடுக்க வேண்டிய கோணம்) எவ்வளவு வைத்தார் என்றும் கேளுங்கள். கருவி தானாக 52 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும், பழைய மெஷின்கள் பலவற்றுக்கு அது வேறு, அதைத் தப்பாக வைத்தால் நடுவிலிருக்கும் எண்ணும் தப்பாகவே வரும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவேன்.

கேள்வி: முதல் வாட்ச்சாக ஒரு குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச்) வாங்கலாமா? பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். உள்ளே பாகங்கள் அதிகம், சர்வீஸ் செலவும் அதிகம், தெரிந்த கைகள் குறைவு. கைச்சாவி, மூன்று முள், 17 கல், தேதி இல்லாதது, பெயருள்ள கம்பெனி மெஷின். இதில் தொடங்குங்கள். கல் என்பது அச்சு முனைகள் உட்காரும் செயற்கை ரூபி, சாதாரண கைச்சாவி மெஷினுக்குப் 17 போதும், 25 என்று எழுதியதால் மட்டும் உசத்தி ஆகிவிடாது. ஒரே கல், அல்லது கல்லே இல்லை என்றால் அது பெரும்பாலும் மலிவான பின் லீவர் (pin lever, கல்லுக்குப் பதில் உலோக ஊசி வைத்த) மெஷின், பல ரிப்பேர்காரர்கள் அதைத் தொடுவதில்லை. ஒரு விஷயம், அந்தக் கால ஆண்கள் வாட்ச் 33 முதல் 36 மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்றைய வாட்ச் கட்டிப் பழகியவர்கள் பெட்டியைத் திறந்ததும் சின்னதாக இருக்கிறதே என்று திகைக்கிறார்கள், முன்பே அளந்து பாருங்கள்.

கேள்வி: வாங்கிய வாட்ச் நேற்று வந்தது. ஒரே நாளில் 15 நிமிடம் வேகமாக ஓடிவிட்டது! ஏமாந்துவிட்டேனா அண்ணா?

பதில்: பதறாதீர்கள். திடீரென்று இவ்வளவு வேகம் என்றால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்தது போல ஆகி, வாட்ச் பறக்கும். சாதாரணத் திசைகாட்டியின் அருகே வாட்ச்சைக் கொண்டுபோய் மெல்ல நகர்த்திப் பாருங்கள், காந்த முள் கூடவே துள்ளினால் அதுதான் காரணம். ரிப்பேர்காரரிடம் காந்தம் நீக்கும் கருவி இருக்கும், சில நொடி வேலை. முள் அசையவில்லை என்றால் சுருளில் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம், அல்லது யாரோ திறந்து சுருளைக் கோணலாக்கியிருக்கலாம், அது பெரிய வேலை.

எதுவானாலும், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட வேண்டும். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம், கீறல் விழுந்தால் விற்பவர் உங்களைக் காட்டுவார். தேதி காட்டும் வாட்ச்சாக இருந்தால் இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதியைத் தனியாக மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் தேதிப் பற்கள் பிடித்திருக்கும், மாற்றினால் உடையும். சோதனை எல்லாம் முடிந்து கையில் கட்டிய பிறகும் கை கழுவும்போது கழற்றி வைத்துவிடுங்கள். மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இத்தனை வருடத்தில் காய்ந்து இறுகியிருக்கும்.