பிளிந்த்துக்கும் பகடிக்கும் என்ன சம்பந்தம்? படிப்பு பற்றிச் சில கேள்விகள்

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து கட்டுமான மேலாண்மையில் எம்டெக் சேர ஆசை. பாடத்திட்டத்தில் நகரப் பொருளாதாரம் என்று ஒரு தாள் இருக்கிறது. சைட்டில் நிற்கப் போகிறவனுக்கு அது எதற்கு? (செம்பூர்)

தம்பி, ஒருநாள் நம் மும்பை மாட்டுங்காவில் இறங்கி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்து பாருங்கள். மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்று, சுவரில் அரசங்கன்று முளைத்து, பால்கனிக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். பக்கத்து மனையில் இருபது மாடி எழும்பிக்கொண்டிருக்கும். இதற்கான காரணத்தை சிமென்ட்டில் தேடினால் கிடைக்காது.

1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்தி வைத்துவிட்டது. அந்த வாடகையில் ஒரு பைப் மாற்றக்கூட வீட்டுக்காரருக்குக் கட்டாது, அதனால் அவர் மாற்றவில்லை. குடியிருப்பவரோ பகடி, அதாவது குடிவரும்போது மொத்தமாகத் தரும் தொகை, கொடுத்து வந்தவர், காலி செய்ய மாட்டார். இரண்டு பேர் மேலும் தப்பு சொல்ல முடியாது, கட்டடம்தான் பாவம்.

அப்புறம் எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. இது மும்பைக்கு 1964-ல் வந்தது. 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு, அதாவது தெற்கே உள்ள பழைய மும்பைக்கு, 1.33, புறநகருக்கு 1 என்று வைத்தார்கள். 1,000 சதுர மீட்டர் மனையில் 1,330 சதுர மீட்டர், அவ்வளவுதான். மூன்று பக்கமும் கடல், மேலே போகவும் விடமாட்டோம் என்றால் நிலம் என்ன விலைக்குப் போகும், நீங்களே யோசியுங்கள். பிறகு அதே விதிகள், பழைய வாடகைக் கட்டடத்தை இடித்துக் குடியிருந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தால் கூடுதல் எஃப்எஸ்ஐ தருகிறோம் என்றன. பில்டரின் லாபம் அந்தக் கூடுதல் பரப்பை விற்பதில்தான் இருக்கிறது. நீங்கள் ஹெல்மெட் மாட்டுவதற்கு ரொம்ப முன்பே கட்டடம் எத்தனை மாடி, எந்த பட்ஜெட், எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் முடிவாகியிருக்கும். அந்தத் தாளைத் தூங்கிக்கொண்டு படிக்காதீர்கள்.

பி.காம் முடித்தவன் இந்தத் துறைக்கு வர முடியுமா? கணக்கு பயமுறுத்துமா? (தாராவி)

வரலாம், ஆனால் வாசல் வேறு. மாட்டுங்காவில் வீஜேடிஐ என்ற பொறியியல் கல்லூரியில் உள்ளது போன்ற எம்டெக்குக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். பொருளாதாரம், நகரக் கொள்கை சார்ந்த எம்ஏ, ரியல் எஸ்டேட் எம்பிஏ என்று தேடுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் தகுதி வரியை இரண்டு தடவை படியுங்கள்.

கணக்கைப் பொறுத்தவரை பி.காம்காரருக்கு ஒரு வசதி உண்டு, வட்டி தெரியும். ஒரு திட்டத்துக்கு 50 கோடி கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வையுங்கள். மாதம் 50 லட்சம் ஆகிறது. ஆறு மாதம் தாமதம் என்றால் 3 கோடி, ஒரு செங்கல்கூட கூடுதலாக வைக்காமல். பொறியியல் மாணவர்கள் பலருக்கு இது உறைக்க இரண்டு வருடம் ஆகிறது.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது கிரிட்டிகல் பாத். எந்த வேலை ஒருநாள் தள்ளினால் மொத்தக் கட்டடமும் ஒருநாள் தள்ளும் என்று கண்டுபிடிக்கும் முறை, 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. ஆனால் மும்பையில் ஒருநாள் என்பது எப்போதும் ஒருநாள் இல்லை. மே மாதக் கடைசிக்குள் அஸ்திவாரம் முடிந்து பிளிந்த் மட்டத்துக்கு, அதாவது தரைக்குச் சற்று மேலே உள்ள அடிமேடைக்கு, வந்துவிட்டால் மழையில் மேல்வேலை ஏதோ நடக்கும். பத்து நாள் பிந்தினால் தோண்டிய குழி குளமாகி, பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே செப்டம்பர் வரை உட்கார வேண்டியதுதான். என் முதல் வேலையில் நான் போட்ட பார் சார்ட்டில், அதாவது எந்த வேலை எப்போது என்று கோடுகளாகக் காட்டும் அட்டவணையில், மழையே கிடையாது. அதைப் பார்த்த மேஸ்திரி, "சார், ஜூன் மாசம் ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

வேலை அட்டவணை போடும் மென்பொருளில் எதைக் கற்க, ப்ரைமவேராவா, எம்எஸ் ப்ராஜெக்டா? (டோம்பிவிலி)

முதலில் எக்செல். அளவெடுத்து பில் போடத் தெரியாமல் ப்ரைமவேரா சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

மகளுக்கு இந்தப் படிப்பில் சீட் கிடைத்திருக்கிறது. சைட் வேலை பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா? (சயான்)

அம்மா, திட்டமிடல், டெண்டர், குவான்டிட்டி சர்வே (எவ்வளவு பொருள், வேலை என்ற கணக்கு), பில்லிங் என்று அலுவலக வேலைகள் நிறைய உண்டு. ஆனாலும் தொடக்கத்தில் ஒரு வருடமாவது சைட்டில் நிற்கட்டும். ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றப் போடும் பலகை அச்சு) எப்படி அடிக்கிறார்கள் என்று பார்க்காதவர் போடும் எஸ்டிமேட் ஒரு நாள் மாட்டிக்கொள்ளும். நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து, சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்கும் கம்பெனி நமக்கு வேண்டாம்.

நகரப் பொருளாதாரத்தில் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்களேன். (கலினா)

"மும்பையின் வீட்டுப் பிரச்சினை" மாதிரி கடல் போன்ற தலைப்பை எடுக்காதீர்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பதிவு விவரங்களை மகாராஷ்டிராவின் ரியல் எஸ்டேட் ஆணையமான மகாரேராவின் தளத்தில் பொதுமக்களே பார்க்கலாம். ஒரே ஒரு வார்டை எடுத்து, காலி மனையில் எழும் திட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் திட்டம் என்று பிரித்து, முதலில் சொன்ன முடிவுத் தேதியையும் பிறகு நீட்டித்த தேதியையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது வகைதான் அதிகம் தள்ளும் என்பது என் ஊகம், தரவு வேறு மாதிரி சொன்னால் எனக்கு எழுதுங்கள். பத்துக் கட்டடத்துக்காவது நேரில் போங்கள், சொசைட்டி செயலாளரிடம் சாயங்காலம் பேசினால் தளத்தில் இல்லாத பாதிக் கதை கிடைக்கும்.