பந்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் வட கரோலினாவில், சார்லட் நகரில் வசிக்கிறோம். 2024 செப்டம்பரில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான கரோலினா பேந்தர்ஸ், இரண்டே ஆட்டங்கள் தோற்றதும் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை உட்கார வைத்தது. அநியாயம் என்கிறேன் நான். சரிதான் என்கிறான் என் மகன். இன்றும் வீட்டில் இதே வாக்குவாதம். நீங்கள் யார் பக்கம்?
- ஒரு வாசகர், சார்லட்

பதில்: உங்கள் மகன் பக்கம். உங்கள் கோபமும் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய ஆண்டு 2023.

இந்த ஆட்டம் பழகாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் தடுமாறும் தொடக்க ஆட்டக்காரரைக் கீழே இறக்கி ஆடவிடலாம். பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு அப்படி ஒதுங்க இடம் கிடையாது. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதற்குள் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது யங்கை முதல் ஆளாகத் தேர்வு செய்யும் உரிமைக்காக பேந்தர்ஸ் தன் சிறந்த பந்து பிடிப்பவரான டி.ஜே. மூரையும், எதிர்காலத் தேர்வு வாய்ப்புகளையும் சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்தது. அப்படி வாங்கிய பையனைத் தேறவிடாமல் முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். அவரைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசை ஓட்டைச் சுவராக இருந்தது. அந்தப் பருவத்தில் பந்தைக் கையில் வைத்திருந்தபடியே 62 முறை தரையில் சாய்க்கப்பட்டார். 17 ஆட்டங்களில் அணிக்கு வெற்றி இரண்டு. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கையும் 11 ஆட்டங்களில் அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இழைத்த கொடுமை என்றே இதைச் சொல்வேன்.

நான் ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு முறை பார்ப்பேன். இரண்டாம் முறை பந்தை மறந்துவிட்டு குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்தை மட்டும் கவனிப்பேன். நிதானத்தில் இருப்பவரின் கவசம் நிமிர்ந்து தூரத்தை நோக்கி நிற்கும். ஓடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தேடி மெல்லத் திரும்பும். அடி வாங்கி அஞ்சியவரின் கவசம் தாழ்ந்துவிடும். பாய்ந்து வரும் கைகளைத்தான் அவர் பார்க்கிறார். இருபது கெஜத்துக்கு அப்பால் தனியாக நிற்கும் நண்பன் கண்ணில் படுவதில்லை. 2019-இல் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னால்ட், 33-0 என்று தோற்ற ஆட்டத்தின் நடுவே, ‘எனக்குப் பேய்கள் தெரிகின்றன’ என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவானது. அந்த நிலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

2024-இல் பேந்தர்ஸ் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் இருவரையும் பெரும் பணம் கொடுத்துக் கொண்டுவந்து தடுப்பு வரிசையைச் சீர்செய்தது. அதன் பிறகும் யங்கின் கவசம் நிமிரவில்லை. முதல் ஆட்டம் 47-10, இரண்டாவது 26-3. அந்த இரண்டாவது ஆட்டத்தில் 26 முறை எறிந்து அணியை முன்னேற்றியது மொத்தம் 84 கெஜம். அடுத்த வாரம் அதே தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று மாற்று குவாட்டர்பேக்கான 36 வயது ஆண்டி டால்டன் 319 கெஜம், மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எறிந்து ஜெயித்தார்.

உடனே உங்கள் மகன் கொண்டாட வேண்டாம். அதற்கடுத்த நான்கு ஆட்டங்களையும் டால்டன் தோற்றார். ஆகவே வெற்றிக்கான மருந்தாக அந்த மாற்றத்தை நான் ஆதரிக்கவில்லை. மிரண்டவனை இன்னும் அடி வாங்க விடாமல் ஓரமாக உட்கார வைத்து, அடுத்தவர் ஆடுவதைப் பார்க்கச் சொன்னார்களே, அதற்காகவே ஆதரிக்கிறேன். அக்டோபரில் டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொள்ள, யங் திரும்பி வந்தார். தேறிவிட்டாரா என்று முதல் பாதி முழுக்க அவர் கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தோல்விதான். ஆனால் கவசம் நிமிர்ந்திருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது மூன்று டச்டவுன் எறிந்தார். இரண்டுக்குத் தானே ஓடினார்.

கேள்வி: உட்கார வைக்கப்பட்டவர் மனம் எப்படித் தாங்கும்?
- வாசகி, கோவை

பதில்: 2018 ஜனவரி 8. அட்லாண்டாவில் கல்லூரி அணிகளின் தேசிய இறுதியாட்டம். முதல் பாதியில் ஜார்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்கிய அலபாமா, தன் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு டுவா டாகோவைலோவாவை இறக்கியது. டுவா கூடுதல் நேரத்தில் 41 கெஜ எறிதலால் 26-23 என்று முடித்தார். ஹர்ட்ஸ் முகத்தைச் சுளிக்கவில்லை. ஓரத்தில் நின்று டுவாவுக்குக் கைதட்டினார். அடுத்த பருவத்தில் அவருடைய குவாட்டர்பேக் இடம் டுவாவுக்குப் போனது. ஹர்ட்ஸ் வேறு கல்லூரி தேடாமல் அங்கேயே இருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர். அதே அரங்கம், எதிரில் அதே ஜார்ஜியா. பின்தங்கிய நேரத்தில் டுவாவுக்குக் காயம். உள்ளே போன ஹர்ட்ஸ் 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார்.