சூரியனின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பால்வெளியின் நிறை 9,000 கோடி சூரியன்தான் வருகிறது. புத்தகத்தில் ஒரு லட்சம் கோடி என்கிறார்கள். எங்கே தவறு செய்கிறேன்?

தவறே செய்யவில்லை. இதே விடையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளைக்குப் பரீட்சை, ராத்திரி பதினொரு மணிக்குக் கால்குலேட்டரோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எனவே சுருக்கமாக: சூரியனின் வேகம் காட்டிக்கொடுப்பது அதன் சுற்றுப்பாதைக்கு உள்ளே இருக்கும் நிறையை மட்டும்தான். பாதைக்கு வெளியே சுற்றிலும் சீராகப் பரவிக் கிடப்பது எல்லாப் பக்கமும் இழுத்து ஒன்றையொன்று அடித்துவிடும். 1687-லேயே நியூட்டன் நிரூபித்தது. புத்தகத்தில் இருப்பது வெளியே உள்ளதையும் சேர்த்த மொத்தம். ("பால்வெளி தட்டு ஆச்சே, உருண்டை இல்லையே" என்று கிளம்புகிறவர்களுக்கு: தெரியும் சாமி. விடை கொஞ்சம் நகரும், பதினோரு மடங்கு ஆகாது.)

இனி என் கதை. சேலம் செவ்வாய்பேட்டையில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். பி.எஸ்சி. கடைசி வருட வைவாவில், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "பால்வெளிக்குள்ள எவ்வளவு நிறை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றார். ஈர்ப்பு மாறிலியின் (அதுதான் 'ஜி') மதிப்பு சுத்தமாக மறந்துவிட்டது. கை வியர்த்துப்போய் நின்றபோது படிக்கல் ஞாபகம் வந்தது.

பூமி வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, அதன் பாதைக்குள்ளே இருப்பது ஒரு சூரியன். அதுதான் என் படிக்கல். பாதைக்குள்ளே இருக்கும் நிறை, வேகத்தின் வர்க்கத்தையும் மையத்திலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்பக் கூடும். எனவே இரண்டும் படிக்கல்லைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்தால் போதும். நம் சூரியனோ பால்வெளி மையத்தைச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. 220-ஐ 30-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 54. மையம் இருப்பது சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 164 கோடி மடங்கு. 54-ஐயும் 164 கோடியையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 8,900 கோடி சூரியன். மாறிலி இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போய்விடுகிறது.

அவர் பேப்பரைப் பார்த்தார். "ஜி எங்கப்பா? ஃபார்முலா தெரியாம வைவாவுக்கு வந்துட்டியா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். ஃபார்முலாவை மனப்பாடம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள். ஆனால் விடை சரியாக இருக்கும்போது கேட்கவாவது வேண்டாமா?

தராசு என்றதும் இன்னொன்று. அப்பாவுக்கு வேலை கொடுத்த ஒரு வியாபாரியின் கடைத் தராசில் எங்கள் கொலுசு எப்போதும் குறைவாகவே நிற்கும். ஒரு தடவைகூட அதிகமாக நின்றதில்லை. குறைந்ததைக் கூலியில் பிடிப்பார்கள். அப்பா கேட்டால் "சேதாரம் அதிகம் பண்றீங்க அண்ணே" என்பார்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. நிறை எல்லாம் நடுவிலேயே இருந்தால், வெளியே போகப் போக நட்சத்திரங்களின் வேகம் குறைய வேண்டும். சனி பூமியைவிட மெதுவாகச் சுற்றுவது மாதிரி. ஆனால் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமிடாவை அளந்து 1970-ல் வெளியிட்டபோது, வெளிப்பக்கத்திலும் வேகம் அப்படி இறங்கவில்லை. நம் பால்வெளியிலும் ஏறக்குறைய அதே கதை. வேகம் இறங்காமல் தூரம் மட்டும் கூடினால் உள்ளே இருக்கும் நிறையும் கூடிக்கொண்டே போகும். அத்தனைக்கும் போதுமான நட்சத்திரம் அங்கே கண்ணில் படவில்லை. அந்தத் துண்டு விழுகிற கணக்கைத்தான் கரும்பொருள் என்கிறார்கள். புத்தகத்தின் ஒரு லட்சம் கோடியில் பெரும்பங்கு அதுதான்.

அதே 220 கி.மீ. வேகத்தை 52,000 ஒளியாண்டுக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 கோடிக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் உங்கள் கணக்கை அப்படியே இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.