கைக்குழந்தையோடு யுனிவர்சல் ஸ்டூடியோஸ்

கேள்வி: ஒன்பது மாதப் பிள்ளையோடு சிங்கப்பூர் போறம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் பெரிய ரைடுகளில் கணவரும் நானும் ஏறலாமா, ஒருவர் வெளியே நிற்கத்தான் வேணுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இருவரும் ஏறலாம், ஆனால் ஒருவர் பின் ஒருவராக. அங்கே ‘சைல்ட் சுவிட்ச்’ என்றொரு ஏற்பாடு உண்டு. வரிசையில் நுழையும்போதே வாசல் ஊழியரிடம் கேளுங்கள். பாதி வழியில் நினைவு வந்து பயனில்லை. மூவரும் ஒன்றாக வரிசையில் போவீர்கள். ஏறுமிடத்தில் ஒருவர் பிள்ளையோடு காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் மாறிக்கொள்ளலாம். மறுபடி வரிசை இல்லை.

தள்ளுவண்டியை வெளியே விட வேண்டும். ஆகவே நெஞ்சில் கட்டும் கேரியர் இல்லாமல் போகாதீர்கள். வெக்கையில் ஒரு மணித்தியாலம் கையில் தூக்கி நின்றால் தோள் விட்டுப்போகும். பால் கொடுத்து, பம்பர்ஸ் மாற்றிய பிறகே வரிசைக்குள் போங்கள். நடுவில் பிள்ளை அழுதால் வெளியேறத்தான் வேண்டும், நின்ற நேரமும் வீண்.

கதவு திறந்ததும் மம்மி (ஏறக் குறைந்தது 122 செ.மீ. உயரம் வேண்டும்), டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுகள் இரண்டையும் முடியுங்கள். வெளி ரைடுகளையும் பிந்த விடாதீர்கள். பின்னேரம் இடி மின்னல் வந்தால் அவற்றை நிறுத்திவிடுவார்கள். வாட்டர்வேர்ல்ட் காட்சியில் வெடிச்சத்தம் அதிகம், முன்வரிசை நனையும். பிள்ளையோடு அது வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை.