மச்சில் கிடக்கும் கூடாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். மச்சைக் காலிசெய்தபோது அப்பாவின் கூடாரச் சாமான்கள் கிடைத்தன. அப்பா பள்ளியில் ஸ்கௌட் மாஸ்டர். பெரிய லீவு விட்டால் எங்களையும் கூட்டிக்கொண்டு காட்டாற்றங்கரையில் இருக்கும் காளிகேசத்துக்குப் போய் இரண்டு ராத்திரி தங்குவார். கேன்வாஸ் கூடாரம், பித்தளை பம்பு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், அலுமினியச் சட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கூடாரத்தில் மட்டும் பூசணம். நைலானில் புதிது வாங்கலாம் என்கிறாள் மனைவி. 'எடுத்து ஆக்கர் கடையில போடு மக்களே' என்கிறார் அம்மா, பழைய சாமான் கடையைச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கூடாரத்துக்குள் தலையை விட்டால் அப்பாவின் வாசனை வருகிறது. இந்தப் பற்று அசட்டுத்தனமா? பூசணத்தை எப்படிப் போக்குவது? பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் கதிர்வீச்சு உண்டு என்கிறார்களே, குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் வீட்டு அரிசிப் போணியின் அடியில் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். அதைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று நான் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே நீங்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். அல்லது மிகத் தவறான ஆளிடம்.

அசட்டுத்தனமா என்றால், இல்லை. ஒரு பழைய பொருளின் மேலும் பற்றில்லாதவர் வீட்டில் எனக்குக் காப்பி குடிக்கவே தயக்கம். நைலான் கூடாரம் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

மேன்டில் விஷயத்தில் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. குமரி மாவட்டத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? அந்தச் சின்ன வலைப்பை தோரியம் நைட்ரேட்டில் முக்கி எடுத்தது, கூடவே நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம். முதல் தடவை தீ வைத்ததும் நூல் முழுக்க எரிந்துபோகும். மிஞ்சுகிற சாம்பல் கூடுதான் அத்தனை வெளிச்சம் தருகிறது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். சரி, அந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தைக் கண்டார். கயிற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு நம் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். ஐரோப்பாவின் விளக்குகளுக்கு மேன்டில் செய்ய நம் கடற்கரை மணல் கப்பலேறியது. பூதத்தைக் கண்டதுபோல் நீங்கள் பயப்படுகிற சாமான் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் அலையடித்துக் கிடக்கிறது. பழைய மேன்டிலில் கதிர்வீச்சு உண்டு, சொற்பம். அந்தச் சாம்பலைக் குழந்தை மூக்கில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்து மாற்றுங்கள், போதும். இப்போது வருகிற பலவற்றில் தோரியமே கிடையாது.

மணவாளக்குறிச்சியைத் தாண்டினால் மண்டைக்காடு. எங்கள் கூடாரம் அங்கேதான் நிற்கும். பழைய மிலிட்டரிச் சாமான் ஏலத்தில் அப்பா எடுத்தது. பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழா பத்து நாள் அல்லவா? அதில் கடைசி மூன்று நாள், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒடுக்கு பூஜை முடிகிறவரை, கடற்கரைத் தென்னந்தோப்பில் தங்குவோம். பெட்ரோமாக்ஸைக் கொம்பில் தொங்கவிட்டால் கீழே கருமணல் மினுங்கும். நானும் தம்பியும் அதை அள்ளித் தீப்பெட்டியில் அடைப்போம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முளை அடிப்பதைப் பார்க்கத் தோப்பில் ஒரு கூட்டம் நிற்கும். அந்த மூன்று நாளும் அவர் வேறு மனிதர். அடிக்க மாட்டார், பாட்டெல்லாம் வரும்.

இதை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். அதில் அம்மா எங்கே இருந்தாள் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அம்மா காற்றுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை மறைப்பாக விரித்து, மணலில் குந்தியிருந்தாள். பம்பு ஸ்டவ் பற்றவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்து, குழாய் சூடேறிய பிறகுதான் பம்பு அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சியடித்து ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். கடற்காற்றில் கிண்ணத்துத் தீ நாலு தடவை அணையும். ஓட்டையில் மணல் ஏறினால் பின் குத்த வேண்டும். வாஷர் காய்ந்துபோனால் தேங்காயெண்ணெயில் ஊறப்போட வேண்டும். அம்மாவின் வலது கட்டைவிரலில் பம்பை அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு இருந்தது, புளியங்கொட்டை அளவு. அந்த ஒற்றைத் தீயில் ஏழு பேருக்குக் கஞ்சி, பயறு, மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகுச் சம்மந்தி, அதாவது துவையல். அம்மி கிடையாது, எனவே சம்மந்தியைச் சட்டியில் போட்டுக் கல்லால் இடித்தாள். வீட்டிலாவது ஓர் அடுப்பங்கரை உண்டு, கதவு உண்டு. சும்மா கிடக்க வருகிறோம் என்று நாங்கள் போன இடத்துக்கு அவள் அடுக்களையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

ஒரு ராத்திரி மழை பிடித்துவிட்டது. 'துணியைத் தொடாதலே' என்றார் அப்பா. பருத்தி கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடைபடும், அதனால் ஒழுகாது. உள்ளேயிருந்து விரலை வைத்தால் போயிற்று, வைத்த இடத்திலிருந்து நீர் இறங்க ஆரம்பித்துவிடும். தொடாதே என்றால் தொடத்தானே தோன்றும்? தொட்டேன். நேர் கீழே அம்மா படுத்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சொட்டுக்குக் கீழே கஞ்சிச் சட்டியை வைத்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டுபோல இருந்தது என்று ஒரு கட்டுரையில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

1982 மாசியில் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அப்பா கூடாரத்தை எடுக்கவில்லை. அது மச்சுக்குப் போயிற்று. ஸ்டவ் மட்டும் கீழே கிடந்தது. வீட்டுக்கு காஸ் வந்த மாதம், பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கிறவர் தெருவில் வந்தார். அப்பா ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா அந்த ஸ்டவ்வைக் கொடுத்து ஒரு அரிசிப் போணி வாங்கிவிட்டாள். அப்பா மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், ஞாபகங்களின் மதிப்பு தெரியாத பெண் என்றுகூடச் சொன்னேன். அவள் போணியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே, 'அவருக்க ஞாபகத்தை அவரு வச்சுக்கிடட்டும் மக்களே, எனக்க கையி நொந்துபோச்சு' என்றாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் அப்பா மூன்று முறை வருகிறார். அம்மா ஒரே ஒரு முறை, அதுவும் நைலானுக்கும் உங்கள் மனவருத்தத்துக்கும் நடுவே, இரக்கமில்லாத கிழவியைப்போல. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டீர்களா? காளிகேசத்தில் காலை நாலு மணிக்கு ஆற்றில் இறங்கிச் சட்டி கழுவியது யார்? உங்கள் அப்பாவா, ஸ்கௌட் பிள்ளைகளா? உங்கள் அப்பாவே சமைத்திருக்கலாம், அப்படிப்பட்டவர்களும் உண்டு, எனக்கு அவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனால் எழுதவில்லை. உயிரோடு பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கேட்காமல் முன்பின் தெரியாத எனக்கு எழுதுகிறீர்களே, ஐயா!

அவர் போடு என்றால் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அவர் ஸ்டவ்வை மட்டும் வெறுக்கலாம், பெட்ரோமாக்ஸை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். காளிகேசத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்படாத கதை ஒன்று அவரிடம் இருக்கலாம். சாயங்காலம் பக்கத்தில் போய் உட்காருங்கள். செல்போனை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் போணிக்கு ஈயம் பற்றவைக்க முடியாதாம், கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு எதையாவது போட்டு வைக்கலாம் என்று அதை அலமாரி மேல் ஏற்றியிருக்கிறேன். என்ன போடுவது என்று தெரியவில்லை.

பூசணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அது அப்பாவின் வாசனை இல்லை, ஈரத்தோடு மடித்துவைத்த வாசனை. கூடாரத்தை முற்றத்தில் விரித்து நல்ல வெயிலில் காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், துணியிலுள்ள மெழுகுப் பூச்சு போய்விடும். மடிக்கும்முன் தையலெல்லாம் காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கேன்வாஸ் நனைந்தால் ஒற்றை ஆளால் தூக்க முடியாது. அதற்காக அம்மாவைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.