அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை நிறுவியவர் லாக்லேடா, 14 வயது ஷூட்டோவா?

இருவரும்தான். இடத்தைத் தேர்ந்தவர் பிரெஞ்சு வணிகர் பியர் லாக்லேட், வேலையைத் தொடங்கி வைத்தவன் அவருடைய உதவியாளனான சிறுவன் ஒகுஸ்த் ஷூட்டோ.

மிசௌரி ஆற்றுப் பழங்குடிகளுடன் தோல் வணிகம் செய்ய நியூ ஆர்லியன்ஸ் நிறுவனமொன்று உரிமை பெற்றிருந்தது. அதன் பங்காளியான லாக்லேட் 1763 ஆகஸ்டில் படகில் கிளம்பினார். வழியில் இருந்த செயின்ட் ஜெனிவீவ் என்ற ஊர் சரிப்படவில்லை: தாழ்வான ஈர நிலம், மிசௌரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் முகத்துவாரத்துக்கும் தூரம். ஈரம் பட்டால் தோல் கெட்டுவிடும். அதனால் முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளம் ஏறாத சுண்ணாம்புப் பாறை மேட்டைப் பிடித்து, மரங்களில் அடையாளம் வெட்டி வைத்தார். மிகச் சரியான கணிப்பு அது.

1764 பிப்ரவரி நடுவில் ஷூட்டோ சுமார் 30 ஆட்களுடன் அங்கே இறங்கினான். முதலில் எழுந்தது வீடல்ல, உணவும் கருவிகளும் வைக்கப் பெரிய கொட்டகை. லாக்லேட் வீட்டின் நிலவறையைத் தோண்டியவர்கள் மிசௌரியா இனப் பெண்களும் குழந்தைகளும். மரத்தட்டிலும் கூடையிலும் மண்ணைத் தலையில் சுமந்தார்கள். கூலி குங்குமச் சாயமும் தோல் தைக்கும் குத்தூசியும். இவர்களை விட்டுவிட்டு இந்நகரத்தின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

வீடுகளுக்கு மரக்கம்பங்களைச் செங்குத்தாக மண்ணில் நட்டு, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்தார்கள். கம்பத்தின் அடி மண்ணுக்குள் மட்கும் என்பதால் சீடர் போன்ற உரமான மரமே நெடுநாள் தாங்கியது.

மிசிசிப்பியின் கிழக்குக் கரை ஆங்கிலேயர் வசமானதும் அங்கிருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் இங்கே குடியேறின. லாக்லேட் 1778இல் கடனோடு இறந்தார். வணிகத்தைப் பெருக்கிச் செல்வந்தரானவர் ஷூட்டோ.