13 வயதில் சென்டர், 17 வயதில்?

பள்ளிகளில் கூடைப்பந்து டீம் செலக்‌ஷன் தொடங்கிவிட்டது. வந்த கேள்விகளில் முக்கால்வாசி உயரம் பற்றியவைதான்.

மகனுக்கு 13 வயது, 175 செ.மீ. கோச் சென்டராகக் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவைக்கிறார், பந்தைத் தட்டிக்கொண்டு போக விடுவதே இல்லை. சரியா? (அல்சூரிலிருந்து ஓர் அப்பா)

மீசை அரும்பிவிட்டதா, குரல் உடைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பையன்கள் மிக வேகமாக வளர்வது சராசரியாக 14 வயதையொட்டி. அந்த ஒரு வருஷத்தில் 9, 10 செ.மீ. கூடும். சிலருக்கு அது 12 வயதிலேயே வந்துவிடும். உங்கள் மகன் அப்படி முந்திக்கொண்டவன் என்றால், இப்போது அவன் தோளளவு நிற்கும் பையன்கள் இரண்டு மூன்று வருஷத்தில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். அவன் 182-ல் நின்றுவிட்டால் பெரியவர்கள் டீமில் அவனுக்குக் கிடைக்கக்கூடியது, பந்தைத் தட்டிக்கொண்டு போகும் கார்டு இடம்தான். அந்த வேலையை அவனுக்கு யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கோச்சைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு கோப்பைக்காக நானும் இதையே செய்திருக்கிறேன். அந்தப் பையன் 17 வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

இதற்கு நேர்மாறானவர் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர் ஆந்தனி டேவிஸ். பள்ளியில் கார்டாக ஆடியவர், மளமளவென்று வளர்ந்து 6 அடி 10 அங்குலம் ஆனார். கார்டாகப் பழகிய கை அப்படியே கூட வந்தது. ஆகவே உங்கள் மகன் மேட்சில் கூடைக்கு அடியில் போஸ்ட்டாக ஆடட்டும். பயிற்சியில் பாதி நேரமாவது பந்து அவன் கையில் இருக்க வேண்டும் என்று கோச்சிடம் கேளுங்கள்.

வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். வெறுங்காலோடு, சுவரை ஒட்டி, எப்போதும் காலையில். சாயங்காலத்துக்குள் ஒரு செ.மீ. வரை குறைந்துவிடும். ஸ்டூலில் உட்காரவைத்தும் அளந்து, ஸ்டூல் உயரத்தைக் கழியுங்கள். முதலில் நீள்வது பாதமும் காலும்தான், முதுகு பிறகுதான் வரும். உட்கார்ந்த அளவு மட்டும் ஏறுகிறது, கால் நின்றுவிட்டது என்றால் வேக வளர்ச்சி முடியப்போகிறது.

மகன் 14 வயது, 150 செ.மீ. செலக்‌ஷனில் கழித்துவிட்டார்கள். நான் 168, மனைவி 157. (ஶ்ரீராம்புரம்)

இருவர் உயரத்தையும் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 169. இது ஒரு குத்துமதிப்பு. எட்டுப் பத்து செ.மீ. மேலேயோ கீழேயோ போகலாம். குரல் இன்னும் உடையவில்லை என்றால் அவன் தாமதமாக வளர்பவன், அவ்வளவுதான். 160 செ.மீ. மக்ஸி போக்ஸ் என்பிஏவில் 14 சீசன் ஆடினார் என்று சொல்லித் தேற்ற மாட்டேன், அவர் விதிவிலக்கு. இரண்டு வருஷம் கோர்ட்டை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பு வயது எக்ஸ்ரே எடுக்கலாமா?

டீமில் இடம் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம். இடது மணிக்கட்டைப் படமெடுத்து, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று கணிப்பது அது. வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரே சொல்வார்.

மகளுக்கு 14 வயது, 160 செ.மீ. வயதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் வளர்வாளா?

கொஞ்சம்தான். பெண்களுக்கு வேக வளர்ச்சி மாதவிடாய் தொடங்கும் முன்பே வந்துபோய்விடும். அதன் பிறகு சராசரியாக ஐந்து முதல் ஏழு செ.மீ., அதிலும் பெரும்பகுதி முடிந்திருக்கும். பாரில் தொங்கினாலும் உயரம் ஏறாது. கைகளை விரித்து விரல் நுனி முதல் நுனி வரை அளந்து பாருங்கள். 166, 167 வந்தால் தடுப்பாட்டத்தில் அவளுக்கு நல்ல லாபம்.

முழங்கால் சில்லுக்குக் கீழே புடைப்பு, குதித்தால் வலி. வயது 13.

வேகமாக வளரும் பருவத்தில் தசைநார் எலும்பை இழுப்பதால் வரும் வலியாக இருக்கலாம். குதிப்பதைக் குறைத்து, ஆடியபின் ஐஸ் வையுங்கள். அந்த வாரங்களில் ஷூட்டிங் ஃபார்மும் ஃப்ரீ த்ரோவும் பழகட்டும். நொண்டினாலோ, ராத்திரியில் வலியால் எழுந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.